உப்பு பார்த்தவர்

ஜனவரி 11, ஞாயிறு

வலது கால் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து ஓரத்தில் பொடிப்பொடியாக உதிர்கிறது. புதிதல்ல. ஷூவுக்குள் இருக்கும்வரை நானும் அதுவும் சமாதானமாகத்தான் இருந்தோம். இன்று பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டு, ஏப்ரலில் என் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூரில் மண்டபம் பிடித்தாகிவிட்டது என்றாள். பாத பூஜை உண்டாம். தாம்பாளத்தில் என் காலை வைத்து அவள் கழுவிச் சந்தனம் பூசுவாள், அதை வீடியோ எடுப்பார்கள்.

கல்லூரியில் தாவரவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பூஞ்சைகள் என் தனிப்பாடம். மாணவர்கள் அதில் எதையும் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பூஞ்சைகள் மட்டும் நன்றியோடு ஒரு நகத்தை எடுத்துக்கொண்டன.

ஜனவரி 12, திங்கள்

தோல் மருத்துவர் ஷகிலா பானு. சின்ன வயது, பொறுமைசாலி. நகத்தைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்பினார். “பாத்தவுடனே மாத்திரை எழுத மாட்டேன் சார். மஞ்சளா இருக்கிற நகமெல்லாம் பூஞ்சை இல்ல” என்றார். இந்த வாக்கியத்தை நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும்.

ஜனவரி 21, புதன்

பூஞ்சைதான். ரத்தப் பரிசோதனையில் ஈரலும் நன்றாக இருக்கிறதாம். டெர்பினாஃபின், தினம் ஒரு மாத்திரை, மூன்று மாதம். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறேன், குடிப்பேனா, ஈரலில் முன்பு ஏதாவது தொந்தரவு உண்டா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் “இல்லை” என்று சொல்ல முடிந்ததில் கொஞ்சம் கர்வம்.

“நகம் மெதுவாத்தான் வளரும். பாதியில நல்லா இருக்குன்னு நீங்களா நிறுத்தாதீங்க. ரொம்பச் சோர்வா இருந்தா, சிறுநீர் கறுத்துப் போனா, கண்ணு மஞ்சளானா, சாப்பாட்டு ருசி மாறினா உடனே எங்கிட்ட சொல்லணும்.”

“சரிங்க டாக்டர்.”

“என்ன வேலை பாக்குறீங்க?”

“ரிட்டயர்டு.”

அவர் அப்படியே கணினியில் ஏற்றிக்கொண்டார். பொய்யில்லை. ஞாயிறுதோறும் உள்ளூர் நாளிதழின் இணைப்பில் ‘உப்பு பார்த்தேன்’ என்ற பத்தியைக் கைநனைப்பான் என்ற பெயரில் எழுதுவது வேலை ஆகாது, அது தண்டனை வழங்கும் பொறுப்பு. கைநனைப்பான் யார் என்பது என் மனைவி திலகவதிக்கும் ஆசிரியர் மணிமாறனுக்கும் மட்டுமே தெரியும். தெரிந்தால் கடைக்காரர்கள் ஆறிய வடையை எடுத்துவிட்டுச் சூடான வடையை வைப்பார்கள். நீதி கெட்டுவிடும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

நான் முன்மாதிரி நோயாளி. காலைப் பலகாரத்துக்குப் பின் மாத்திரை. காலைக் கழுவினால் விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துகிறேன். பழைய ஷூக்களை வெயிலில் வைத்தேன்.

மைத்துனன் கருணாகரன் வந்தான். அவனுக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை. “மாமா, அந்த அட்டையில நாலு கிழிச்சுக் குடுங்க, நானும் போட்டுப் பாக்குறேன்” என்றான். அவன் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து சாப்பிடுகிறவன். இது கடலை மிட்டாய் இல்லை, டாக்டரைப் பார் என்று கால் மணி நேரம் வகுப்பு எடுத்தேன். “நாலு மாத்திரைக்கு இவ்ளோ பேச்சா” என்று கோபித்துக்கொண்டு போனான். மருந்தைப் பாதுகாப்பாகச் சாப்பிடுவது எப்படி என்று ஒரு நூலே எழுதலாம்போல இருக்கிறது.

பிப்ரவரி 20, வெள்ளி

தவக்காலத்தின் முதல் வெள்ளி. பாலக்கரைச் சந்தில் பிலோமினா மெஸ்ஸில் உட்கார இடமில்லை. ஈஸ்டருக்கு முந்தைய இந்த நாற்பது நாள் லெந்தில், வெள்ளியன்று வேதக்காரர்கள் கறி தொடமாட்டார்கள், ஆகவே ஊரே இங்கே விரால் மீன் குழம்புக்கு வருகிறது. பிலோமினா, கணவர் இறந்தபின் நாத்தனார் ரெஜினாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு நடத்தும் கடை. இந்த வருடம் துணிந்து பக்கத்துத் தையல் கடையின் இடத்தையும் சேர்த்து எடுத்துப் புது மேசைகள் போட்டிருக்கிறாள்.

“இந்த லெந்துல ஓடிருச்சுன்னா நின்னுருவேன் சார். இல்லன்னா மாதாதான் பாத்துக்கணும்” என்றாள்.

எட்டு வருடமாக நான் இங்கே சாப்பிடுகிறேன், ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதினால் கூட்டம் வந்து எனக்கு இடம் கிடைக்காது. அவளுக்கு நான் வெறும் வாத்தியார் சார்.

குழம்பு இன்று ஒரு மாற்றுக் குறைவு. கூட்டம் அதிகமானால் இப்படித்தான்.

பிப்ரவரி 27, வெள்ளி

ஊரில் சமையல் வீழ்ச்சியடைந்துவிட்டது. இதை நான் பல வருடமாக எழுதிவருகிறேன், ஆனால் இவ்வளவு வேகமாக என் சொல் பலிக்கும் என்று நினைக்கவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்தருகே நெய் ரோஸ்ட், அட்டை. தில்லைநகரில் பிரியாணி, மஞ்சள் நிற வதந்தி. வீட்டில் ரசம், வெந்நீர்.

“உப்பு போடலையா?”

“நேத்துப் போட்ட அதே உப்புதாங்க. நேத்தும் இதையேதான் கேட்டீங்க” என்றாள் திலகவதி. அவளுக்கு ரத்தக் கொதிப்பு. தன் பத்தியத்தை என் மேலும் நடத்துகிறாள் என்று நினைக்கிறேன். உப்பு ஜாடியை மேசைக்கே கொண்டுவரச் சொன்னேன்.

மார்ச் 4, புதன்

இரண்டாம் ரத்தப் பரிசோதனை. ஈரல் குற்றமற்றது. நகத்தின் அடிப்பக்கத்தில் புதிதாக, ரோஜா நிறத்தில் ஒரு பிறைத் துண்டு முளைத்திருக்கிறது. ஷகிலா பானு மகிழ்ந்தார்.

“சாப்பாட்டுல ருசி ஏதாவது மாறியிருக்கா சார்? சப்புன்னு இருக்கு, கசக்குது, அப்படி?”

“ஊர்ல சமையல்தான் மாறியிருக்கு டாக்டர்.”

சிரித்தார். “எங்க மாமியாரும் இதைத்தான் சொல்லுவாங்க.” உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, “நிஜமாவே ஒண்ணும் இல்லையே?” என்றார்.

“ருசி விஷயத்துல மட்டும் நான் ஏமாற மாட்டேன்.”

கசக்கவில்லை. அது சத்தியம்.

மார்ச் 6, வெள்ளி

மணிமாறனுக்குத் தவக்காலச் சிறப்புக் கட்டுரை வேண்டுமாம். பிலோமினா மெஸ்ஸைப் பற்றி எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். புது மேசைகள் நிறைய வேண்டாமா? எட்டு வருடக் கடன் ஒரு கட்டுரையில் தீரட்டும்.

போனேன். சந்துமுனையிலேயே வாசனை ஆளை இழுத்தது. இலையில் விழுந்ததும் நிறமும் பழையபடிதான். வாயில் வைத்தால் ஒன்றுமில்லை. சூடு இருந்தது, மிளகாயின் எரிச்சல் இருந்தது, மீனின் மென்மை இருந்தது. குழம்பு மட்டும் இல்லை. வாசனைக்கு ஏதோ பொடி வாங்கிப் போடுகிறாள் என்று புரிந்துகொண்டேன். பக்கத்து மேசையில் ஒருவர் விரலை நக்கிக்கொண்டிருந்தார். ஜனங்களின் ரசனை எப்படித் தாழ்ந்துவிட்டது.

பெருமூச்சோடு எழுந்தேன். வேண்டியவள் என்பதற்காக நாக்கு பொய் சொல்லக் கூடாது.

மார்ச் 8, ஞாயிறு

கட்டுரை வந்துவிட்டது. தலைப்பு ‘வெந்நீரில் நீந்தும் விரால்’. ஆசிரியர் வைத்ததல்ல, நான் வைத்ததுதான். “இடம் இரண்டு மடங்கானது, ருசி காலி செய்துகொண்டு போய்விட்டது” என்ற வரியை மணிமாறன் தனியே பெட்டி கட்டிப் போட்டிருக்கிறார்.

திலகவதி படித்துவிட்டு, “அந்தப் புள்ள குழம்பையா இப்படி எழுதுனீங்க?” என்றாள். நேர்மை என்றால் என்ன என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே உப்பு ஜாடியைப் பார்த்தாள்.

மார்ச் 13, வெள்ளி

மெஸ்ஸுக்குப் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும். வழக்கமான கூட்டத்தில் பாதிதான். பிலோமினா என்னைச் சமையற்கட்டுப் பக்கமே கூப்பிட்டுவிட்டாள்.

“பாத்தீங்களா சார் பேப்பர? எவனோ கைநனைப்பானாம். எங்க வந்து நனைச்சான்னே தெரியல. என் கொழம்பு வெந்நியாம். அவன் வீட்டுல வெந்நிதான் வடிக்கிறாங்கபோல.”

“அண்ணி, மெதுவா” என்றாள் ரெஜினா.

“சார்தானடி, நம்ம ஆளு.” கரண்டியில் குழம்பு எடுத்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி என்னிடம் நீட்டினாள். “நீங்க நாக்கு உள்ள மனுஷர். பாத்துச் சொல்லுங்க.”

“நீயே பாத்தா என்ன?”

“லெந்துல நான் மீன் தொடமாட்டேன் சார். எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான், அதைத்தான் ஒறுத்தலுக்கு விடுவேன். இந்த நாப்பது நாளும் கைப் பக்குவம்தான். போன வருசமெல்லாம் கை சொன்னதையே நம்புனேன். இப்ப உங்க நாக்குதான் சொல்லணும்.”

“நான் பாத்தேனே அண்ணி, நல்லாத்தான் இருக்கு” என்றாள் ரெஜினா.

“உனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.”

குடித்துப் பார்த்தேன். வெந்நீர். கட்டுரையில் எழுதியது சரிதான் என்று ஒரு நிம்மதி. அவளுக்கு உதவ ஒரு வழி கிடைத்ததில் இன்னொரு நிம்மதி. உப்பு காணாது என்றேன். போட்டாள். கிண்ணத்தை மறுபடி நீட்டினாள். இன்னும் கொஞ்சம் என்றேன். புளியும் கூட்டச் சொன்னேன். ரெஜினா விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“அண்ணி, வேணாம். கரிக்குது.”

“சாரைவிட உனக்குத் தெரியுமா?”

மூன்றாவது கிண்ணத்தில் ஏதோ லேசாக நாக்கில் பட்டதுபோல இருந்தது. இப்போது சரி என்றேன். அவள் கண் கலங்கி, “இனிமே இதான் சார் கணக்கு” என்றாள். காப்பாற்றிவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

திலகவதி இப்போதெல்லாம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. எனக்குப் பரிமாறிவிட்டு, சமையலறையில் ஒரு சின்னக் குண்டானிலிருந்து தனியாகப் போட்டுச் சாப்பிடுகிறாள். தாம்பத்தியத்தில் இப்படியும் ஒரு பருவம் வரும்போல.

மார்ச் 27, வெள்ளி

மெஸ்ஸில் மூன்று மேசையில்தான் ஆள். ஒருவர் இரண்டாம் கவளத்தில் எழுந்து கை கழுவினார். “என்னக்கா, உப்பளத்துலேருந்து நேரா வருதா?” என்று சத்தமாகக் கேட்டார். பிலோமினா கரண்டியோடு திரும்பினாள். என்னைத்தான் பார்த்தாள்.

நான் தலையை அசைத்து, நன்றாக இருக்கிறது என்று சைகை காட்டினேன். கட்டுரையைப் படித்துவிட்டு வேண்டுமென்றே வந்து கலாட்டா செய்கிறார்கள். அச்சில் வந்த சொல்லுக்கு இவ்வளவு பலமா என்று கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

எனக்கு உடம்பு மெலிந்திருக்கிறது. சாப்பாட்டில் பிடிப்பு இல்லை. நகம் மட்டும் கால்வாசி புதிதாக வளர்ந்துவிட்டது.

ஏப்ரல் 9, வியாழன். திருக்கடையூர்

பாத பூஜை நடந்தது. “அப்பா, புது நகம் சூப்பரா வளருதே” என்று மகள் காலைத் துடைத்தாள். வீடியோக்காரர் நெருங்கி வந்து விரலைத் தனியாக எடுத்தார். வாழ்வில் ஒரு பூஞ்சையை வென்றவன் என்ற முறையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

பந்தியில் முதல் இலை எனக்கு. பாயசத்தை வாயில் வைத்துவிட்டு, “சர்க்கரை போட மறந்துட்டாங்களா?” என்றேன். கைநனைப்பானின் குரல், சற்று உரக்கவே வந்துவிட்டது. சமையல் மாஸ்டர் துண்டில் கையைத் துடைத்தபடி ஓடிவந்தார். பந்தி முழுதும் திரும்பிப் பார்த்தது. மகள் தன் இலையிலிருந்து எடுத்துக் குடித்தாள்.

“அப்பா, தொண்டையை அடைக்கிற மாதிரி இனிப்புப்பா.”

திலகவதி என் இலையின் ஓரத்தில் வைத்திருந்த உப்பை விரலால் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள்.

“நக்குங்க.”

நக்கினேன். ஆற்று மணல்.

“எவ்ளோ நாளா?” என்று கேட்டேன். என்னைத்தான் கேட்டிருக்க வேண்டும், அவளைக் கேட்டேன்.

“மாசியிலேருந்து. உங்களுக்குத் தனியா எடுத்து உப்பைக் கொட்டிக் குடுத்துட்டு, நான் வேற குண்டான்லதானே சாப்புடுறேன். சொன்னப்பல்லாம் ஊர் கெட்டுப்போச்சுன்னு பிரசங்கம் பண்ணீங்க.”

மாஸ்டரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் அழாத குறையாக நின்றார். அவருக்கு என் மன்னிப்பு ருசித்ததா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 11, சனி

ஷகிலா பானு கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

“கேட்டேனே சார்.”

“கேட்டீங்க.”

“இந்த மாத்திரையில சிலருக்கு இப்படி வரும். நிறுத்தணும். பெரும்பாலும் சில வாரத்துல, சில மாசத்துல திரும்பிடும். ரொம்ப அபூர்வமாத்தான் நிக்கும்.”

“இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. பாதியில நிறுத்தாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நீங்களா நிறுத்தக் கூடாதுன்னு சொன்னேன். எங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லல.”

பிறகுதான் பத்தியைப் பற்றிச் சொன்னேன். கைநனைப்பானை அவரும் படிப்பாராம். கொஞ்ச நேரம் என் நாக்கு இருக்கும் திசையைப் பார்த்தார். “முதல் நாளே சொல்லியிருந்தா இந்த மாத்திரையே எழுதியிருக்க மாட்டேன் சார். நகத்துல தடவுற மருந்து குடுத்திருப்பேன். அதுல குணமாறது மெதுவாத்தான், சிலருக்கு முழுசா ஆகவும் ஆகாது. ஆனா நாக்குக்கு வராது.”

மீதி நகத்துக்கு அந்தத் தடவும் மருந்துதான்.

ஏப்ரல் 13, திங்கள்

மணிமாறனிடம் மறுப்புப் போட வேண்டும் என்றேன்.

“என்னன்னு சார் போடுறது? விமர்சகருக்கு நாக்கு இல்லைன்னா? இத்தனை வருசமா இருந்துச்சான்னு கேப்பாங்க.”

“பிலோமினா மெஸ்ஸுக்காவது...”

“சார், அந்தக் கட்டுரைக்குத்தான் பாராட்டுக் கடிதம் குவிஞ்சுது. இவ்ளோ தைரியமா யாரு எழுதுறாங்கன்னு.”

பத்தியை நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். உடல்நலக் காரணங்களால் என்று போடுகிறாராம். முதன்முறையாக அந்த இணைப்பில் ஓர் உண்மை வரப்போகிறது.

பிலோமினாவிடம் உடனே போக வேண்டும்.

ஏப்ரல் 14, செவ்வாய்

புத்தாண்டு. திலகவதி மாங்காய்ப் பச்சடி வைத்தாள். அறுசுவையையும் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நாளை போக வேண்டும்.

ஏப்ரல் 20, திங்கள்

வெயில்.

ஏப்ரல் 24, வெள்ளி

“போனீங்களா?” என்றாள் திலகவதி. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். “வாயாலதான்” என்றாள்.

மே 3, ஞாயிறு

போனேன். மெஸ் இருந்த இடத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை திறந்திருக்கிறார்கள். புது இடம், பழைய இடம் இரண்டையும் சேர்த்து. ஈஸ்டர் முடிந்ததும் காலி செய்துவிட்டார்களாம். எங்கே போனார்கள் என்று கடைப் பையனுக்குத் தெரியவில்லை. “உங்க போனுக்கு என்ன பிரச்சினை சார்?” என்றான்.

ஜூன் 19, வெள்ளி

காலைக் காப்பி கசந்தது. திலகவதியைக் கூப்பிட்டு இன்னொரு முறை குடித்துக் காட்டினேன். கசந்தது! அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

ஜூலை 5, ஞாயிறு

உப்பு வந்துவிட்டது. மதியம் இருவரும் ஒரே குண்டானிலிருந்து சாப்பிட்டோம். ரசம் பிரமாதம் என்றேன். “பிப்ரவரியிலயும் இதேதான்” என்றாள்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

கருணாகரனுக்கு இதயத்தில் ஏதோ சின்னச் சிகிச்சை. பார்க்கப் போனேன். அவனுக்குச் சாப்பாடு வாங்க மருத்துவமனைக் கேன்டீனுக்கு இறங்கினால், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு பிலோமினா.

“வாத்தியார் சார்! என்ன சார், இப்படி இளைச்சுட்டீங்க?”

இங்கே நோயாளிகளுக்கு உப்பில்லாச் சாப்பாடு செய்கிறாளாம். “நம்ம ராசியப் பாருங்க சார். அங்க உப்புக் கூடிப்போச்சுன்னு அனுப்புனாங்க, இங்க உப்பே போடாதன்னு சேத்துக்கிட்டாங்க.” அவளே சிரித்தாள். ரெஜினா திண்டுக்கல்லில் ஒரு ஓட்டலுக்குப் போய்விட்டாளாம். இருவரும் பேசிக்கொள்வதில்லையாம்.

மேசையைத் துடைத்து என்னை உட்காரவைத்தாள். தனக்குக் கொண்டுவந்த தூக்கைத் திறந்து, சோற்றில் குழம்பை ஊற்றினாள். விரால். தவக்காலம் முடிந்துவிட்டது, அவள் தன் நாக்கால் உப்பு பார்த்து வைத்த குழம்பு. முதல் கவளத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எட்டு வருடமாக என்ன சாப்பிட்டேனோ அது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இலையில் இருந்ததும் இதுவாகத்தான் இருந்திருக்கும், நான் கை வைக்கும்வரை.

“பிலோமினா, அந்தக் கைநனைப்பான் எழுதினது...”

“அத விடுங்க சார். பேரப் போடத் தைரியம் இல்லாத ஆளு. அவன் எழுதுனத நான் ஒரு நாளும் நம்புனதில்ல.” இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்தாள். “அவனுக்காக நான் ஒரு கல்லு உப்புகூட மாத்தல. நீங்க சொன்னீங்கன்னுதான் மாத்துனேன்.”

குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போகிற போக்கில் திரும்பி, “சரியா இருக்கா சார்?” என்று கேட்டாள்.

டிசம்பர் 18, வெள்ளி

ஷகிலா பானு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, நகம் முழுதாகத் தேறிவிட்டது என்றார். குழந்தையின் நகம்போல இருக்கிறது. திலகவதியிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, வெகுநாளாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள்.

“அன்னிக்குக் கேன்டீன்ல அந்தப் புள்ளகிட்ட என்னதான் சொன்னீங்க?”

“உப்பு சரியா இருக்குன்னு சொன்னேன்.”